உங்கள் நிறுவனமே எழுப்பும் அலைகள்: நிர்வாகத்தில் கேயாஸ் கோட்பாடு

நிர்வாகப் பயிலரங்குகளில் கேயாஸ் கோட்பாடு வந்தால், பெரும்பாலும் இரண்டு வாக்கியங்களோடு முடிந்துவிடுகிறது. ஒன்று, ‘உலகம் குழப்பமயமானது, அதோடு வாழப் பழகுங்கள்’. மற்றது, ‘சின்ன மாற்றம் ஒன்றைச் செய்யுங்கள், பட்டாம்பூச்சி சிறகடித்தாலே புயல் வருமே’. முதலாவது கேயாஸ் பற்றியதே அல்ல. இரண்டாவது அதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறது.

கணிதம் சொல்வது இவற்றைவிடப் பயனுள்ளது, கொஞ்சம் சங்கடமானதும்கூட. வெளியிலிருந்து எந்த அதிர்ச்சியும் வராதபோதே, எளிய விதிகளை அப்படியே பின்பற்றும் ஓர் அமைப்பு தாறுமாறாக ஆட முடியும். சந்தை மீது நாம் போடும் பழியில் ஒரு பங்கு நம் கொள்முதல் விதிக்கும், மாதாந்திரக் கூட்டத்துக்கும், காலாண்டு இலக்குக்கும் உரியது. அந்தப் பங்கைக் கண்டுபிடிப்பது எப்படி, குறைப்பது எப்படி, குறைக்க முடியாத மீதிக்குத் தயாராக இருப்பது எப்படி என்பதுதான் இந்தப் பதிவு.

பத்துப் படிகளில் தொலைந்துபோகும் துல்லியம்

1961-ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் வானிலை ஆய்வாளர் எட்வர்ட் லோரென்ஸ் ஒரு சிறிய கணினியில் தன் வானிலை மாதிரியை ஓட்டிக்கொண்டிருந்தார். ஓர் ஓட்டத்தை நடுவிலிருந்து மறுபடி பார்க்க விரும்பி, அச்சான தாளில் இருந்த எண்களை உள்ளிட்டார். கணினியின் நினைவகத்தில் இருந்தது 0.506127. தாளில் இடம் போதாமல் அச்சாகியிருந்தது 0.506. புதிய ஓட்டம் கொஞ்ச நேரம் பழையதை ஒட்டியே போனது, பிறகு விலகியது, கடைசியில் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. அந்தச் சமன்பாடுகளில் தற்செயலுக்கு இடமே கிடையாது என்பதுதான் இதில் முக்கியம். 1963-ல் வெளியான அவருடைய கட்டுரையிலிருந்துதான் இந்தத் துறையின் பெரும்பகுதி கிளைத்தது.

இதை ஓர் எக்செல் தாளில் 5 நிமிடத்தில் நீங்களே பார்த்துவிடலாம். ஒரு நெடுவரிசையின் தலையில் 0.3, பக்கத்து நெடுவரிசையில் 0.301 என்று போடுங்கள். இரண்டுக்கும் கீழே ஒரே சூத்திரம்: அடுத்த மதிப்பு = 4 × இப்போதைய மதிப்பு × (1 − இப்போதைய மதிப்பு). மூன்றாம் படியில் 0.994, 0.996 என்று கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். எட்டாம் படியில் 0.448, 0.719. பத்தாம் படியில் 0.043, 0.620. தொடக்கத்தில் மூன்றாவது தசம இடத்தில் இருந்த ஒரே ஓர் எண் வித்தியாசம், பத்தாவது படியில் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது.

இந்தச் சமன்பாட்டில் பிழை சராசரியாக ஒவ்வொரு படியிலும் இரட்டிப்பாகிறது. இரண்டைப் பத்து முறை பெருக்கினால் 1,024. ஆகவே தொடக்க அளவீட்டை 1,000 மடங்கு துல்லியமாக்கினாலும் கூடுதலாகக் கிடைப்பது 10 படிகள்தான். உங்கள் நிறுவனத்தில் பிழை எத்தனை வாரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்று யாராலும் இவ்வளவு சுத்தமாகச் சொல்ல முடியாது. ஆனால் கணக்கின் போக்கு இதுதான்: முன்கணிப்பின் துல்லியத்துக்குக் கொட்டும் பணம் பெருக்கலில் போகிறது, பலன் கூட்டலில் வருகிறது. அதே பணத்தை ‘தெரிந்துகொண்ட பிறகு செயல்பட எத்தனை நாள் ஆகிறது’ என்பதைக் குறைக்கச் செலவிட்டால் ஒவ்வொரு நாளும் முழுதாகக் கையில் கிடைக்கும். நிர்வாகத்துக்குக் கேயாஸ் தரும் பாடங்களில் இதையே நான் முதலில் வைப்பேன்.

பட்டாம்பூச்சிக்கும் இங்கேயே விடை சொல்லிவிடலாம். 1972-ல் லோரென்ஸ் ஆற்றிய உரையின் தலைப்பு, பிரேசிலில் ஒரு பட்டாம்பூச்சி சிறகடித்தால் டெக்சாஸில் சூறாவளி எழுமா என்ற கேள்வி. அதன் உட்பொருள் ‘சிறு செயலால் பெரும் பலனை வரவழைக்கலாம்’ என்பதல்ல. கோடிக்கணக்கான பட்டாம்பூச்சிகளில் எது காரணம் என்று முன்கூட்டி அறிய வழியில்லை, அதே சிறகடிப்பு வரவிருந்த சூறாவளியைத் தடுத்தும் இருக்கலாம் என்பதே. சிறு முயற்சிகளை மலிவாகப் பல இடங்களில் செய்து, எது வேர்பிடிக்கிறது என்று பார்ப்பதற்கு இது நல்ல நியாயம். ஒரே ஒரு ‘மாய நெம்புகோலை’த் தேடுவதற்கு இது நியாயமே இல்லை.

எக்செல் சூத்திரத்தில் இருந்த அந்த 4-ஐக் குறைத்துப் பாருங்கள். 1976-ல் உயிரியலாளர் ராபர்ட் மே இதே சமன்பாட்டை வைத்து எழுதிய கட்டுரைதான் பல துறையினரை இதன் பக்கம் திருப்பியது. 2.8 என்று வைத்தால் மதிப்பு 0.643-இல் போய் அமைதியாக நிற்கும். 3.2 என்றால் 0.513, 0.799 என்று இரண்டுக்கும் நடுவே மாறிமாறித் தாவும். 3.5 என்றால் நான்கு மதிப்புகளில் சுற்றும். சுமார் 3.57-ஐத் தாண்டினால் ஒழுங்கு குலையத் தொடங்கும். விதி மாறவில்லை, அமைப்பை எவ்வளவு கடுமையாகத் தள்ளுகிறோம் என்ற ஓர் எண் மட்டும் மாறியது.

எந்த நிறுவனமும் இந்தச் சமன்பாட்டின்படி ஓடுவதில்லை. இருந்தாலும் ‘ஒரு காலாண்டு நன்று, அடுத்தது மோசம், அதற்கடுத்தது நன்று’ என்று விற்பனை தாவத் தொடங்கினால் இலக்கின் அழுத்தத்தைச் சந்தேகியுங்கள். காலாண்டின் கடைசி வாரத்தில் தள்ளுபடி கொடுத்து அடுத்த காலாண்டின் ஆர்டரை முன்னாலேயே இழுத்துக்கொள்வதுதான் இதன் வழக்கமான காரணம். சரிபார்ப்பது எளிது: காலாண்டின் கடைசி 2 வாரங்களில் எத்தனை விழுக்காடு பில்லிங் நடக்கிறது என்று பாருங்கள். 13 வாரங்களில் 2 என்பது சுமார் 15 விழுக்காடு. அது 35, 40 என்று நின்றால் அந்த அலை பெரும்பாலும் உங்களுடையதுதான்.

தாமதம், அதன் மேல் அவசரம்

நிறுவனங்களில் ஆட்டத்தை உண்டாக்குவதில் மற்ற எல்லாவற்றையும்விட ஒரு ஜோடிக்கே அதிகப் பங்கு: பலன் வரத் தாமதமாகும் இடத்தில் முழு வேகத்தில் திருத்துவது. இதை எண்ணிலேயே பார்ப்போம்.

ஒரு பிரிவில் 10 பேர் குறைவு. ஆள் கேட்டால் வேலைக்கு வந்து சேர 3 மாதம். ஒவ்வொரு மாதமும் மேலாளர் பற்றாக்குறையைப் பார்த்து அதே எண்ணிக்கையில் ஆள் கேட்கிறார். மிகையானால் அதே அளவு குறைக்கச் சொல்கிறார், அதுவும் நடைமுறைக்கு வர 3 மாதம். தொடக்கத்திலும் அடுத்த இரு மாதங்களிலும் பற்றாக்குறை 10 என்றே தெரியும், மூன்று முறையும் பத்துப் பத்தாகக் கேட்டாகிவிட்டது. 3-ஆம் மாதம் பற்றாக்குறை தீர்ந்தது. 4-ஆம் மாதம் 10 பேர் மிகை, 5-ஆம் மாதம் 20 பேர் மிகை. இப்போது குறைப்பு தொடங்குகிறது. 10-ஆம் மாதம் 40 பேர் குறைவு, 14-ஆம் மாதம் 70 பேர் மிகை. இத்தனைக்கும் வேலையின் அளவு மாறவே இல்லை. ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு முடிவும் அந்த நேரத்தில் பார்த்தால் சரியான முடிவாகவே தெரிந்திருக்கும்.

மருந்து ஒரு கழித்தல்தான். பற்றாக்குறையிலிருந்து ‘ஏற்கெனவே கேட்டு, இன்னும் வராதவர்கள்’ எண்ணிக்கையைக் கழித்துவிட்டு மீதிக்கு மட்டும் கேட்க வேண்டும். முதல் மாதம் 10 கேட்டாயிற்று, அடுத்த மாதம் 10 − 10 = 0, 3-ஆம் மாதம் கணக்கு நேர். சரக்குக்கும் இதே விதிதான்: கையிருப்பை மட்டும் பார்க்காமல், வழியில் வந்துகொண்டிருப்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சொல்லும்போது எல்லோருக்கும் தெரிந்ததாகவே தோன்றும். ஆனால் ஆட்சேர்ப்புக் கோரிக்கை ஒரு மென்பொருளிலும், பணியாளர் எண்ணிக்கை இன்னொன்றிலும், பட்ஜெட் மூன்றாவதிலும் கிடக்கும் இடங்களில் இந்தக் கழித்தலைச் செய்ய யாருக்கும் வழியில்லை. எனவே முதலில் செய்ய வேண்டியது மூன்றையும் ஒரே பக்கத்தில் கொண்டுவருவது.

சில திருத்தங்களில் ‘வழியில் இருப்பதை’ எண்ணவே முடியாது. விளம்பரம், பயிற்சி, விலைமாற்றம், தர மேம்பாடு எல்லாம் இந்த வகை. அங்கே பார்க்கும் இடைவெளி முழுவதையும் ஒரே மூச்சில் மூட முனையாமல் ஒரு பங்கை மட்டும் திருத்த வேண்டும். எவ்வளவு பங்கு என்பதற்குக் கணக்கு உண்டு. பலன் தெரிய 2 காலப்பகுதி ஆகுமானால், ஒவ்வொரு முறையும் இடைவெளியில் 100 விழுக்காட்டுக்கு மேல் திருத்தினால் அலை வளர்ந்துகொண்டே போகும். 3 காலப்பகுதி என்றால் அந்த எல்லை சுமார் 62 விழுக்காடு, 4 என்றால் 44, 5 என்றால் 35. எல்லைக்குள் இருந்தாலும் ஆட்டம் கொஞ்ச காலம் இருக்கவே செய்யும். இலக்கைத் தாண்டாமல் மெல்லப் போய்ச் சேர வேண்டுமானால் முறையே சுமார் 25, 15, 10, 8 விழுக்காட்டுக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இந்த எண்களை இன்னொரு கோணத்திலும் வாசிக்கலாம். தாமதத்தை 4-லிருந்து 2-ஆகப் பாதியாக்கினால், பாதுகாப்பாகத் திருத்தக்கூடிய அளவு 10-லிருந்து 25 விழுக்காடாக, இரு மடங்குக்கும் மேலாக உயர்கிறது. தாமதத்தைக் குறைக்காமல் வேகத்தை மட்டும் கூட்டும் தலைமை அலையைத்தான் வளர்க்கிறது. புதிய தலைவர் வந்ததும் ‘உடனடி நடவடிக்கை’ பறப்பதும், ஓராண்டு கழித்து எதிர்த்திசையில் இன்னோர் உடனடி நடவடிக்கை பறப்பதும் பல இடங்களில் இந்தக் கணக்குதான்.

ஆட்டம் உங்களுடையதுதானா என்று கண்டுபிடிக்க ஒரு தடயம் உண்டு. இப்படிப் பிறக்கும் அலையின் முழுச் சுற்று, மொத்தத் தாமதத்தைப்போல் 3 முதல் 4 மடங்கு நீளும். மேலே சொன்ன ஆட்சேர்ப்பில் தாமதம் 3 மாதம், ஒரு சுற்று சுமார் 9 மாதம். உங்கள் இருப்போ பணியாளர் எண்ணிக்கையோ ஆடும் கால அளவை வரைபடத்தில் அளந்து தாமதத்தால் வகுத்துப் பாருங்கள். விடை 3-லிருந்து 4-க்குள் வந்தால், சந்தை அறிக்கையைத் திறப்பதற்கு முன் சொந்த விதிமுறையைத் திறந்து பார்ப்பது நல்லது.

இதுவரை சொன்னது வளரும் அலை மட்டுமே, கேயாஸ் அல்ல. கேயாஸ் பிறக்க இரண்டு செயல்கள் வேண்டும்: இழுப்பு, மடிப்பு. மாவை இழுத்து மடித்து, மீண்டும் இழுத்து மடித்துக்கொண்டே போனால் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு துகள்கள் எங்கெங்கோ போய்விடுவதைப்போல. நிறுவனத்தில் இழுப்பு வேலையைச் செய்வது வளரும் அலை. மடிப்பு வேலையைச் செய்வது எல்லைகள்: ஆர்டர் பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாது, ஆலையின் திறனைத் தாண்டி உற்பத்தி செய்ய முடியாது, பட்ஜெட்டைத் தாண்டி ஆள் எடுக்க முடியாது. அலை எல்லையில் முட்டித் திரும்பும் ஒவ்வொரு முறையும் அடுத்த சுற்றின் உருவம் மாறுகிறது. அதனால்தான் நிஜத்தில் அது அழகான அலையாகத் தெரியாமல், ‘கணிக்கவே முடியாத சந்தை’யாகத் தெரிகிறது.

நான்கு பேர், ஒரே ஒரு மாற்றம்

எம்ஐடியில் ஜே ஃபாரஸ்டரின் குழுவில் உருவான ‘பீர் விநியோக விளையாட்டு’ இதைக் கண்முன் காட்டும் சோதனை. சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், தொழிற்சாலை என்று நான்கு பேர். ஒவ்வொருவர் கையிலும் 12 பெட்டி இருப்பு. வாடிக்கையாளர் வாரம் 4 பெட்டி கேட்கிறார். 5-ஆம் வாரம் அது 8 ஆகிறது, பிறகு கடைசிவரை 8-தான். இருப்பில் தங்கும் பெட்டிக்கு வாரம் அரை டாலர், கொடுக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் பெட்டிக்கு ஒரு டாலர் செலவு. ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது, ஆர்டர் சீட்டு மட்டும் போகலாம். சரக்கு வரத் தாமதமாகும்.

ஒரே ஒரு முறை நடந்த அந்த மாற்றம் தொழிற்சாலை வரை போவதற்குள் பெரிய பற்றாக்குறையாகவும், அதன்பின் பெரிய தேக்கமாகவும் மாறிவிடும். 1989-ல் ஜான் ஸ்டெர்மன் ஆட்டக்காரர்களின் முடிவுகளைப் பகுத்துப் பார்த்தபோது தெரிந்தது, வழியில் வந்துகொண்டிருக்கும் சரக்குக்கு அவர்கள் உரிய மதிப்பில் சிறு பங்கையே கொடுக்கிறார்கள் என்பது. ஆட்டம் முடிந்து, வாடிக்கையாளரின் தேவை எப்படி இருந்திருக்கும் என்று வரையச் சொன்னால் பலரும் ஏறி இறங்கும் கோட்டைத்தான் வரைவார்கள். தாங்கள் எழுப்பிய அலையை வெளியுலகின் குணமாகவே நம்பிவிடுகிறார்கள். எரிக் மொசகில்டேயும் எரிக் லார்சனும் 1988-ல் இதே அமைப்பின் கணினி மாதிரியில், குறிப்பிட்ட ஆர்டர் விதிகள் அசல் கேயாஸையே உண்டாக்குவதைக் காட்டினார்கள்.

1997-ல் ஹாவ் லீ, பத்மநாபன், சியுங்ஜின் வாங் மூவரும் நிஜ சப்ளைச் சங்கிலிகளில் இந்தப் பெருக்கத்துக்கு நான்கு காரணங்களைப் பிரித்துச் சொன்னார்கள். குழந்தைகள் டயாப்பர் பயன்படுத்தும் வேகம் சீரானது, ஆனாலும் பி அண்ட் ஜி நிறுவனத்துக்கு வரும் ஆர்டர் ஏறி இறங்கியது என்பது இதற்கு அதிகம் சொல்லப்படும் எடுத்துக்காட்டு. நான்கில் முதலாவது, ஒவ்வொரு அடுக்கும் தனக்கு வரும் ஆர்டரை வைத்தே புதிதாக முன்கணிப்பு போடுவது. கடைசி வாடிக்கையாளர் வாங்கியதன் புள்ளிவிவரத்தை எல்லா அடுக்குக்கும் காட்டினால் இது குறையும். இரண்டாவது, மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக ஆர்டர் போடுவது. லாரி நிறைய வேண்டும் என்பதுதான் காரணமென்றால், ஒரே பொருளால் நிரப்பாமல் பல பொருள்களைக் கலந்து வாரந்தோறும் அனுப்பலாம். மூன்றாவது விலைச்சலுகை.

நான்காவதுதான் மிகவும் தொல்லை தருவது: தட்டுப்பாட்டு நேரத்தில் ‘கேட்டதில் பாதி தருவோம்’ என்று அறிவித்தால் எல்லோரும் இரண்டு மடங்காகக் கேட்பார்கள், தட்டுப்பாடு தீர்ந்த மறுநாள் ரத்து செய்வார்கள். போன ஆண்டு உண்மையில் விற்ற அளவை வைத்துப் பங்கிட்டால் பொய்யாகக் கேட்பதில் லாபமில்லை. உள்ளேயும் இதுவே நடக்கிறது. ‘எல்லாத் துறைக்கும் 20 விழுக்காடு வெட்டு’ என்று ஒருமுறை செய்த நிதிப்பிரிவுக்கு, அடுத்த ஆண்டு எல்லாக் கோரிக்கையும் 25 விழுக்காடு ஊதித்தான் வரும்.

இந்தப் பெருக்கத்தை அளப்பதற்கு 52 வாரப் புள்ளிவிவரம் போதும். உங்களுக்கு வந்த ஆர்டர்களின் திட்ட விலக்கத்தை (சராசரியைச் சுற்றிச் சிதறும் அளவு) அவற்றின் சராசரியால் வகுங்கள். நீங்கள் உங்கள் சப்ளையருக்கு அனுப்பிய ஆர்டர்களுக்கும் அப்படியே செய்யுங்கள். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் வருவது உங்கள் பெருக்கம். 1-ஐத் தாண்டினால் நீங்கள் அலையைப் பெருக்கி அனுப்புகிறீர்கள். வாரக் கணக்கில் ஒன்று, மாதக் கணக்கில் ஒன்று என்று கலந்துவிடக் கூடாது, மாதமாகக் கூட்டினாலே ஏற்ற இறக்கம் தணிந்து விகிதம் பொய் சொல்லும்.

எதற்கும் அசையாமல் இருக்க வேண்டிய நேரம்

தர மேலாண்மை நிபுணர் எட்வர்ட்ஸ் டெமிங் வகுப்புகளில் ஒரு புனல் சோதனை செய்வார். புனல் வழியாகக் கோலியை ஓர் இலக்கின் மேல் விடவேண்டும். புனலை அசைக்காமல் விட்டால் ஓரளவு சிதறும். ஒவ்வொரு முறையும் போன பிழைக்கு எதிர்ப்பக்கமாகப் புனலை நகர்த்திக்கொண்டே போனால் சிதறல் குறைவதில்லை. மாறுபாடு (திட்ட விலக்கத்தின் வர்க்கம்) இரட்டிப்பாகிறது, திட்ட விலக்கம் சுமார் 41 விழுக்காடு கூடுகிறது. போன மாதம் 3 விழுக்காடு குறைந்ததற்கு இந்த மாதம் விளக்கம் கேட்டு நடவடிக்கை எடுக்கும் ரிவ்யூ கூட்டம் இந்தப் புனலை நகர்த்துவதுதான்.

எப்போது அசைய வேண்டும் என்பதற்குப் புள்ளியியலாளர் வால்டர் ஷூஹார்ட் 1924-லேயே வழி சொல்லிவிட்டார். எளிய வடிவம் இது: குறைந்தது 20 மாத மதிப்புகளை எடுத்து அடுத்தடுத்த மாதங்களுக்கு இடையிலான வித்தியாசத்தைக் குறி பார்க்காமல் கணக்கிடுங்கள், அவற்றின் சராசரியை 2.66-ஆல் பெருக்குங்கள், அதை மொத்தச் சராசரியோடு கூட்டியும் கழித்தும் இரண்டு கோடு போடுங்கள். கோடுகளுக்குள் இருக்கும் மாதத்துக்கு விளக்கம் கேட்காதீர்கள். வெளியே போனாலோ, தொடர்ந்து 8 மதிப்புகள் சராசரியின் ஒரே பக்கம் நின்றாலோ தேடுங்கள். வழக்கமாகக் கெடுவது இரண்டு இடத்தில்: கோடுகளுக்குப் பதிலாக டார்கெட்டை வரைந்துவிடுவது, ஒவ்வொரு மாதமும் கோடுகளை மறுபடி கணக்கிட்டு அவை புள்ளிகளோடு சேர்ந்தே நகரும்படி விட்டுவிடுவது. மேலே கண்ட 9 மாத அலைபோல ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் தொடருக்கு இந்தக் கோடுகள் பொருந்தாது. முதலில் அலையை அடக்க வேண்டும்.

வெற்றிடம் வீணல்ல

தற்செயலாக வேலை வரும் ஒரு வரிசையில், ஒரு வேலைக்கு சராசரி 1 நாள் ஆகுமென்று வையுங்கள். ஆள் 80 விழுக்காடு நேரம் பிஸியாக இருந்தால் சராசரிக் காத்திருப்பு 4 நாள். 90 விழுக்காட்டில் 9 நாள். 95-இல் 19. 97-இல் 32. கடைசியில் வெறும் 2 விழுக்காடு ஏறியதற்கு 13 நாள் கூடியது. எல்லோரையும் 100 விழுக்காடு நிரப்பிவைத்த அமைப்பில் சிறு தும்மலும் பெரிய நிலுவையாவது இதனால்தான். ஒப்புதல் தரும் அதிகாரி, சோதனைக் குழு, சட்டப்பிரிவு போல எல்லா வேலையும் கடந்துபோக வேண்டிய இடங்களை 80 விழுக்காட்டுக்கு மேல் நிரப்பாதீர்கள் என்பது என் உறுதியான பரிந்துரை. மற்ற இடங்களில் இவ்வளவு கவலை வேண்டாம்.

பிணைப்பின் இறுக்கமும், அதாவது ஓரிடத்துத் தவறு நடுவில் நிற்காமல் அடுத்த இடத்துக்குப் பாயும்படி எல்லாம் இணைந்திருப்பதும், இதே வகைதான். 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் நைட் கேபிடல் நிறுவனம் தன் பங்கு வர்த்தக மென்பொருளைப் புதுப்பித்திருந்தது. 8 சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய நிரல் ஏறவில்லை. அங்கே தூங்கிக்கிடந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு சுமார் 45 நிமிடத்தில் 40 கோடி டாலருக்கும் மேல் நஷ்டம் வைத்தது. தவறு சிறியது. அதை நடுவில் நிறுத்த எந்தத் தடுப்பும் இல்லாததுதான் பெரியது. தானாக இயங்கும் எந்த வேலைக்கும் ‘இவ்வளவு நேரத்தில் இவ்வளவு தொகைக்கு மேல் போனால் தானே நிற்கும்’ என்ற எல்லையும், யாரைக் கேட்காமல் யார் நிறுத்தலாம் என்ற எழுத்துப்பூர்வ அதிகாரமும் வேண்டும்.

2000 மார்ச் 17 அன்று நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கியில் பிலிப்ஸ் சிப் ஆலையில் மின்னலால் தீப்பிடித்தது. சில நிமிடங்களில் அணைத்துவிட்டார்கள். ஆனால் புகையும் நீரும் தூய அறைகளைக் கெடுத்துவிட்டன. வாங்குவோரில் பெரியவர்கள் கைபேசி நிறுவனங்களான நோக்கியாவும் எரிக்சனும். நோக்கியாவில் சரக்கு வரவில் ஏற்பட்ட சிறு விலகலே மேலிடம் வரை சென்றது. உடனே வேறு ஆலைகளைப் பிடித்தார்கள், சில சிப்களை மாற்றி வடிவமைத்தார்கள். எரிக்சனுக்கு அந்தச் சிப்புக்கு வேறு ஆள் இல்லை, செய்தியும் தாமதமாக மேலே போனது. சுமார் 40 கோடி டாலர் இழப்பு. தீயை இருவருமே கணித்திருக்க முடியாது. வித்தியாசம் செய்தி மேலே போக எடுத்த நாள்களிலும், மாற்று வழி இருந்ததிலும்தான்.

அடிவானத்தை அளப்பது

உத்திக்கு வருவோம். எவ்வளவு தூரம் வரை திட்டமிடலாம் என்பது விருப்பத்தைப் பொறுத்ததல்ல, அளக்கக்கூடியது. கடந்த 24 முதல் 36 மாதங்களில் நீங்கள் போட்ட முன்கணிப்புகளை, போட்ட நாளோடு எடுங்கள். 1 மாதம் முன்னால் போட்டவை, 2 மாதம், 3 மாதம் என்று 12 வரை பிரித்து ஒவ்வொன்றின் சராசரிப் பிழையைக் கணக்கிடுங்கள். பக்கத்திலேயே, எதையும் யோசிக்காமல் அன்றுவரைக்குமான பழைய சராசரியையே முன்கணிப்பாகச் சொல்லியிருந்தால் வந்திருக்கும் பிழையையும் வையுங்கள். முன்னதைப் பின்னதால் வகுக்க வரும் எண் எந்த மாதத்தில் 1-ஐத் தொடுகிறதோ, அதுவே உங்கள் அடிவானம். அதற்கு அப்பால் உங்கள் திட்டத்தில் இருக்கும் எண்களுக்கு அறிவார்ந்த மதிப்பு இல்லை. பல நிறுவனங்களில் இந்தக் கணக்கைத் தொடங்கவே முடியாது, ஏனென்றால் ஒவ்வொரு மாதமும் பழைய முன்கணிப்பின் மேலேயே புதியதைச் சேமித்துவிடுகிறார்கள். இன்றிலிருந்து தேதியோடு தனித்தனியாகச் சேமியுங்கள்.

அடிவானத்துக்கு உள்ளே ஒற்றை எண்ணை நம்பித் திட்டமிடலாம். அப்பால் வானிலையாளர்கள் செய்வதைச் செய்ய வேண்டும். ஐரோப்பிய நடுத்தரக்கால வானிலை முன்கணிப்பு மையம் 1992 முதல் ஒரே நாளுக்குப் பல ஓட்டங்களை நடத்துகிறது. பின்னர் அது ஒரு மூல ஓட்டமும், தொடக்க மதிப்புகளைச் சற்றே கலைத்த 50 ஓட்டங்களும் என்று நிலைபெற்றது. 50-ம் ஒட்டியே போனால் நம்பிக்கை, விரிந்தால் எச்சரிக்கை. உங்கள் நிதி மாதிரியிலும் தேவை, விலை, சப்ளை தாமதம், ஆள் விலகல் ஆகியவற்றை உங்கள் அளவீட்டுப் பிழையின் அளவுக்கு மட்டும் கலைத்து 50 முறை ஓட்டலாம். எந்த மாதத்தில் விசிறி விரிகிறது என்பதும், எந்த உள்ளீடு அதை விரிக்கிறது என்பதுமே இதில் கிடைக்கும் செல்வம். 50-இன் சராசரியை மட்டும் எடுத்து மேலிடத்துக்கு அனுப்புவது இந்தப் பயிற்சி முழுவதையும் வீணாக்குவது.

மூன்று வாரம் கழித்து ஒரு குறிப்பிட்ட நாளில் மழை பெய்யுமா என்று தெரியாது, ஆனால் அந்தப் பருவத்தின் வெப்ப எல்லை தெரியும். நிறுவனத்துக்கும் அப்படியே. அடுத்த ஆண்டின் தேவை தெரியாவிட்டாலும் அது உலவும் எல்லை ஓரளவு தெரியும். அந்த எல்லையின் இரு ஓரங்களிலும் உயிரோடு இருப்போமா என்பதுதான் தொலைதூர உத்தியின் கேள்வி. கீழ் ஓரத்தில் எத்தனை மாதம் பணம் தாங்கும், மேல் ஓரத்தில் எந்த வளம் முதலில் தீரும், எந்த ஒப்பந்தத்திலிருந்து எத்தனை நாள் அறிவிப்பில் வெளியே வர முடியும். மீள முடியாத முடிவுகளைத் தள்ளிப்போடப் பணம் கொடுக்க வேண்டியிருந்தாலும் பெரும்பாலும் அது மலிவே.

நேரம் பார்த்துச் செய்யும் சிறு தள்ளலின் பலத்துக்கு விண்வெளியில் ஒரு சான்று உண்டு. 1978-ல் சூரியக் காற்றை ஆராய ஏவப்பட்ட நாசாவின் விண்கலம் ஒன்று, மிச்சமிருந்த கொஞ்ச எரிபொருளோடு, சிறு உந்தல்களாலும் நிலவைச் சுற்றிய பாய்ச்சல்களாலும் வழிமாற்றப்பட்டு 1985 செப்டம்பரில் ஜியாகோபினி-சின்னர் வால்நட்சத்திரத்தின் வால் வழியே சென்றது. முன்பு அது இருந்த இடம் நிலையற்ற சமநிலைப் புள்ளி என்பதால்தான் அவ்வளவு மலிவாக முடிந்தது. ஆனால் அங்கே சமன்பாடு முழுதாகத் தெரியும், நிலையை அளக்கும் கருவிகள் இருந்தன. நிறுவனத்தில் இரண்டும் அரைகுறை. ஆகவே ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம், முக்கியமானவர் விலகும் நேரம், போட்டியாளர் தடுமாறும் வாரம் போன்ற இளகிய தருணங்களைக் குறித்துவைத்து, அப்போது செலவிடப் பட்ஜெட்டில் ஒரு பகுதியை ஒதுக்காமல் வைத்திருப்பதே நம்மால் முடிந்தது.

‘எங்கள் விற்பனை கேயாஸ்தான் என்று நிரூபித்துவிட்டோம்’ என்று யாராவது சொன்னால் தரவு எத்தனை என்று கேளுங்கள். கேயாஸை அடையாளம் காட்டும் அளவுகளான லியாபுனோவ் அடுக்கையோ (பிழை வளரும் வேகம்), கிராஸ்பெர்கரும் புரோகாச்சியாவும் 1983-ல் தந்த பரிமாணத்தையோ நம்பகமாகக் கணக்கிடச் சுத்தமான புள்ளிகள் பொதுவாக ஆயிரக்கணக்கில் வேண்டும். 10 ஆண்டு மாதக் கணக்கு 120 புள்ளிகள்தான். நல்லவேளையாக, மேலே சொன்ன எந்த வேலைக்கும் அந்த நிரூபணம் தேவையில்லை.

இன்னொரு வேறுபாட்டையும் மனதில் வைக்க வேண்டும். லோரென்ஸின் சமன்பாடுகள் அவரைக் கவனிக்கவில்லை, உங்கள் ஆள்கள் உங்களைக் கவனிக்கிறார்கள். பங்கீட்டு விதியை மாற்றினால் டீலர்கள் ஆறு மாதத்தில் அதற்கேற்ப வேறு வழி கண்டுபிடிப்பார்கள். பெருக்க விகிதத்தைக் குறைத்தவருக்குப் பரிசு என்று அறிவித்தால், ஆர்டரைச் சீராகக் காட்டத் தேவையில்லாத சரக்கைக் கிடங்கில் அடுக்குவார்கள். அதனால் விகிதத்தோடு கிடங்கு இருப்பையும் நிலுவையையும் சேர்த்தே பாருங்கள், எதற்கும் பரிசு வைக்காதீர்கள், ஒவ்வொரு விதிமாற்றத்துக்குப் பிறகும் இரண்டு தாமதச் சுற்றுகள் கடந்தபின் மறுபடி அளவெடுங்கள்.